பச்சை வாளியில் போட வேண்டியவை

செவ்வாய், 9 செப்டம்பர் 2003

இன்று ஒரு தவறு செய்தேன். சிறியதுதான். பதினொரு வீடுகளுக்கு நேரில் பார்க்காமலே பதிவேட்டில் டிக் போட்டுவிட்டேன்.

பதிவேட்டின் தலைப்பில் "மேற்பார்வையாளர் நேரில் பார்த்தது" என்று அச்சடித்திருக்கிறது. ராஜம்மாள் அக்கா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பச்சை வாளியைக் கூடையில் கவிழ்ப்பார். நான் எட்டிப் பார்த்து, மக்குவதோடு பிளாஸ்டிக் ஏதாவது கலந்திருக்கிறதா என்று குறிக்க வேண்டும். மொத்தத்தில் என் வேலை இந்த எட்டிப் பார்ப்பதுதான். இன்று அதையும் செய்யவில்லை.

காரணம், தறிக்காரத் தெருவின் பின்பாதியில் பாவு நீட்டியிருந்தார்கள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி ஆண்கள் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் மூன்று சக்கர வண்டி போனால் புழுதி ஏறும், திட்டு விழும். ராஜம்மாள் அக்கா கூடையை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரை ஒட்டிப் போனார். நான் வண்டியோடு முனையிலேயே நின்றேன். இரண்டு நடையில் 17 முதல் 27 வரை முடித்துவிட்டு வந்து, "எல்லா ஊட்லயும் பிரிச்சுதான் வச்சிருந்தாங்க, போட்டுக்கோ" என்றார். போட்டுக்கொண்டேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். போன சனிக்கிழமை வீட்டுக்கு வீடு கொடுத்த காகிதத்தில் நகராட்சி அனுப்பிய வாசகத்தை நான் கொஞ்சம் மாற்றினேன். மூலத்தில் "மக்கும் குப்பை, மக்காத குப்பை" என்று இருந்தது. மாலை வகுப்பில் என் பயிற்சிக்காக அதைத் தட்டச்சு செய்தபோது, குப்பை என்ற சொல் ஏழு இடங்களில் வந்தது. ஏழிலும் "கழிவு" என்று அடித்தேன். துப்புரவு ஆய்வாளர் துரைக்கண்ணு சார் படிக்காமல் கையெழுத்துப் போட்டார், ஜெராக்ஸ் எடுத்தோம்.

இந்தத் தெருவில் ராஜம்மாள் அக்காவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. "குப்பைக்காரி வந்துகினு கீறா, வாளிய எடுத்து வைடி" என்றுதான் உள்ளே குரல் கேட்கும். காகிதத்தில் அந்தச் சொல் இல்லாவிட்டால் வாயிலும் மெல்லப் போய்விடும் என்று நினைத்தேன். சந்தவாசல் கிராமத்திலிருந்து வந்த எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். மாற்றியது சரிதானா என்று அப்போதும் யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது.

புதன், 10 செப்டம்பர்

தறிக்காரத் தெருவின் நாற்பத்திரண்டு வீடுகளையும் நேரில் பார்த்தேன். இரண்டில் பால் கவர் கலந்திருந்தது.

உரக் கிடங்கில் நான்காம் குழி முக்கால்வாசி நிரம்பிவிட்டது. ஒவ்வொரு நாள் சேர்ந்ததையும் கொட்டி, மேலே காய்ந்த இலை பரப்பி, சாணிக் கரைசல் தெளிப்பார்கள். குழி நிறைந்ததும் மண் போட்டு மூடிவிடுவார்கள். எந்த அடுக்கு எந்த நாள் என்று தெரிய ஒரு குச்சியில் தேதி எழுதிச் செருகலாம் என்று கிடங்குக் காவலர் வேடியப்பனிடம் இந்த மாதம்தான் சொன்னேன். "மண்புழுவுக்குக் கேலண்டர் பாக்கத் தெரியுமா?" என்று கேட்டார். ஆனாலும் செருகுகிறார்.

வகுப்பில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பிழை. ஆறுக்குள் வர வேண்டும்.

வியாழன், 11 செப்டம்பர்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஏழு மணிக்கு 23-ஆம் எண் வீட்டு வாசலில் பொன்னம்மாளும் அவர் மகன் கமலக்கண்ணனும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். கமலக்கண்ணன் தறி நெய்கிறவர். முதலாளி ஒருவரிடம் பட்டும் ஜரிகையும் வாங்கிக் கூலிக்கு நெய்கிறார். கதவுக்குப் பின்னால் அவர் மனைவி தேவிப்ரியா பாதி முகம் தெரிய நின்றிருந்தார். களம்பூரிலிருந்து கல்யாணமாகி வந்து ஒன்றரை மாதம். அவர் அப்பா தறியை விட்டு அரிசி ஆலை வேலைக்குப் போய் வெகு நாளாகிறதாம்.

ராஜம்மாள் அக்கா வழக்கம்போல விசில் ஊதினார்.

"விசிலு இருக்கட்டும். பை எங்க?" என்றார் கமலக்கண்ணன்.

"இன்னா பை?"

"இன்னா பையா? செவ்வாக்கெழம நீ தனியாதான வந்த? நான் பாவுல நின்னுகினு இருந்தேன். எங்கம்மா பெரணமல்லூர் போயிருந்தாங்க. தறிக்கு மேல ஆணியில மஞ்சப் பை தொங்கிகினு இருந்துச்சு. பட்டும் ஜரிகைத் துண்டும், முந்நூறு கிராமுக்கு மேல. நேத்து சாயந்தரம் பாக்கறேன், ஆணி மட்டும் கீது."

"நான் படி தாண்டலீங்க. வாளி வெளிய இருந்துச்சு, கவுத்துகினு போயிட்டேன்."

"அப்ப காக்கா வந்து தூக்கிகினு போச்சா?" என்றார் பொன்னம்மாள். "இத்தினி வருஷத்துல இந்த ஊட்ல ஒரு சொம்பு காணாமப் போனதில்ல. இந்த வாளி வந்துதான் கண்ட கள்ளியெல்லாம் வாசல்ல வந்து நிக்கறா."

ராஜம்மாள் அக்கா கூடையைக் கீழே வைத்தார். "வாசல்லயே நில்லுன்னு சொன்னது நீங்கதான? நான் நின்ன எடத்துல தண்ணி தெளிச்சிட்டுத்தான உள்ள போறீங்க? உள்ள வராதவ ஆணியில இருக்கற பைய எப்பிடிங்க எடுப்பா? கை அவ்ளோ நீளமா கீதா, பாருங்க" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

எதிர்வீட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். அது இன்னும் கெடுதலாகிவிட்டது. பொன்னம்மாள் கத்த ஆரம்பித்தார். தெரு கூடியது.

நான் தேவிப்ரியாவிடம், "நீங்க அப்ப வீட்ல இருந்தீங்களாக்கா? ஏதாவது பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், "நான் பின்னால பாத்திரம் கழுவிகினு இருந்தேன்" என்றார். கதவுச் சங்கிலியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கமலக்கண்ணன் கத்தவில்லை. அவர் பயந்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. சனிக்கிழமை புடவை முதலாளியிடம் போக வேண்டும். புடவையையும் மீதியையும் அந்தப் பையையும் சேர்த்துத் தராசில் வைப்பார்களாம். கொடுத்த பட்டின் எடை வராவிட்டால் நெய்கிறவன் எடுத்துக்கொண்டான் என்றுதான் அர்த்தம். அடுத்த பாவு கிடைக்காது. "நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் பாப்பேன். சனிக்கெழம காலைல ஸ்டேஷன்ல இவ பேர எழுதிக் குடுத்துட்டுதான் நான் முதலாளி கடைக்குப் போவேன்" என்றார்.

பதினோரு மணிக்கு துரைக்கண்ணு சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பதிவேடு அவர் மேஜைமேல் விரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமைப் பக்கம். 23-க்கு நேரே என் டிக்.

"மேற்பார்வையாளர் நேரில் பார்த்ததுன்னு போட்டு நீ கையெழுத்து வச்சிகீற. அந்தம்மா வாளியத் தவிர எதையும் தொடலன்னு நீ பாத்தியா? பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும். அந்த ஊட்டுக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

அவர் எனக்கு வழி காட்டினார் என்பது புரிந்தது. ராஜம்மாள் அக்கா சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஆம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பாவு நீட்டிய இடத்தில் நின்ற ஆண்கள் எல்லோரும் என்னைத் தெருமுனையில் வண்டியோடு பார்த்திருக்கிறார்கள். அந்தப் பயத்தால்தான் உண்மையைச் சொன்னேனா, உண்மை என்பதால் சொன்னேனா, எனக்கே தெரியவில்லை.

"பாக்கல சார்" என்றேன்.

சார் பேனாவை மூடினார். விசாரணை முடியும் வரை ராஜம்மாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார். போலீஸ் வரைக்கும் போனால் அப்புறம் துப்புரவுக் குழுவிலேயே வைத்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் ராஜம்மாள் அக்கா தன் விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா உனக்கு இன்னாடி கொறஞ்சிடும்?"

"நான் பாக்கலையேக்கா."

"நானும்தான் எடுக்கல. அத யாரு பாத்தாங்க?"

அவர் போய்விட்டார்.

மாலை வகுப்புக்குப் போனேன். போகாமல் இருந்தால் இன்னும் பயம் கூடும் என்று தோன்றியது. மெஷினில் காகிதத்தைச் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மெஷினில் பானுப்ரியா. அவளும் தறிக்கார வீடுதான், வேறு தெரு. என் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த காகிதத்தை எடுத்துப் படித்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாடி?"

"இத யாரு எழுதினது? 'வீட்டில் சேரும் மக்கும் கழிவைத் தினமும் பச்சை வாளியில் போட்டு வாசலில் வைக்கவும்.' எங்கப்பா பாத்தா வாளிய எடுத்து அடிப்பாரு."

"ஏன்? கழிவுன்னா குப்பைதான?"

"உங்க ஊர்ல குப்பை. எங்க ஊட்ல கழிவுன்னா நெய்யறப்போ அறுந்து போற பட்டு. ஒரு இழைகூட கீழ விடாம பையில போட்டு மேல மாட்டி வைப்போம், எடை போட்டுத் திருப்பிக் குடுக்கணும். அதப் போய் யாராவது வாளியில போடுவாங்களா? தறி தெரியாத ஆளாதான் இருக்கணும்."

தறியை விட்டுவிட்ட களம்பூர் வீட்டை நினைத்தேன். கதவுச் சங்கிலியை நினைத்தேன். மாஸ்டர், "நிலா, அடிக்கலையா?" என்று கேட்டார். விரல் எந்த எழுத்தின் மேல் இருக்கிறது என்றே தெரியவில்லை.

ஏழு இடத்தில் அடித்தேன். ஏழு இடத்தில்.

வெள்ளி, 12 செப்டம்பர்

காலை ஆறரைக்கே துரைக்கண்ணு சார் வீட்டு வாசலில் போய் நின்றேன். மூலக் காகிதத்தையும் என் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் படிக்கப் படிக்க முகம் மாறியது.

"யாரக் கேட்டு மாத்தின?"

"யாரையும் கேக்கல சார்."

"என் கையெழுத்து இதுல கீதே!"

"படிப்பீங்கன்னு நெனச்சேன் சார்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் இரண்டு காகிதங்களையும் என் கையிலேயே திணித்தார். பிறகு, "அந்தப் பொண்ணுதான் போட்டுதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? நீ கற்பன பண்ணிகினு வந்து நிக்கற" என்றார். அதுவும் சரிதான். எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமைப் பச்சை வாளிக் குப்பை நான்காம் குழியில் இரண்டு அடுக்குக்குக் கீழே இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். குழியைத் தோண்ட அனுமதி கேட்டேன். அந்த அடுக்கு வரும்போது அவரே நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றும் கேட்டேன்.

"ஒரு பைக்காக மூணு நாள் குப்பையக் கெளறுவியா?"

"கெளறுவேன் சார்."

"பேஜார் புடிச்ச பொண்ணு" என்றார். ஆனால் சரி என்றார்.

கிடங்கில் வேடியப்பன் மண்வெட்டியோடு நின்றார். வியாழக்கிழமையோடு குழி கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. இன்று குப்பை வந்திருந்தால் மண் போட்டு மூடியிருப்பார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை எந்தத் தறிக்கார வீட்டிலும் வாளி வெளியே வராது, லட்சுமி கூடவே போய்விடுவாளாம். அதனால் குழி திறந்தே இருந்தது. எட்டு மாதமாக வெள்ளிக்கிழமைதோறும் வெற்றுக் கட்டங்களைப் பதிவேட்டில் பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன்.

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம். மேல் அடுக்கு சோறும் முருங்கைச் சக்கையும். வேடியப்பன் வெட்டிக் கொடுக்க, நான் கையால் பிரித்துப் பக்கத்தில் குவித்தேன். ஒரு முழம் இறங்கியதும் சூடு வந்தது. குப்பை உள்ளே வேகும் என்று பயிற்சியில் சொன்னார்கள், இவ்வளவு சுடும் என்று தெரியாது. இரண்டு முறை தள்ளிப் போய் வாந்தி எடுத்தேன். ராஜம்மாள் அக்கா ஒரு நாளும் மூக்கைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

பதினொன்றரைக்குப் புதன்கிழமை அடுக்கு முடிந்து காய்ந்த இலை தென்பட்டது. அதில் செருகிய குச்சி சாய்ந்து கிடந்தது. 9.9.03. நான் கையை எடுத்துவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்ட? ஜல்தி பாத்துடலாம்" என்றார் வேடியப்பன்.

"சார் வரட்டும்."

"வந்தா வராரு, வராட்டிப் போறாரு. பை இருந்தா எடுத்துகினு போயேன்."

"நாம எடுத்துகினு போனா, நேத்து ராத்திரி நீங்க கொண்டாந்து போட்டீங்கன்னு சொல்லுவாங்க. நாம ரெண்டு பேரும் அக்காவுக்கு வேண்டியவங்கதான?"

வேடியப்பன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பீடி பற்ற வைத்தார். சார் ஒரு மணிக்கு வரவில்லை. இரண்டுக்கும் வரவில்லை. மேற்கே மேகம் கட்டியிருந்தது. மழை பெய்தால் எல்லா அடுக்கும் ஒன்றாகிவிடும். சாக்குகளை எடுத்துக் குழியின்மேல் விரித்துவிட்டு, விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்படிக் காத்திருந்த நேரத்தில் நினைத்ததையும் எழுத வேண்டும். பை அங்கே இல்லாவிட்டால்? ராஜம்மாள் அக்கா உண்மையிலேயே எடுத்திருந்தால்? போன மாதம் அவர் மகனுக்கு ஸ்கூல் பேக் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. அப்படி நினைத்தது பொன்னம்மாள் இல்லை, நான். இதை அவரிடம் ஒருநாளும் சொல்ல முடியாது.

மூன்றே காலுக்கு மொபெட் சத்தம் கேட்டது. சார் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு குழி ஓரத்தில் நின்றார். குச்சியைக் காட்டினேன். தேதியைப் படித்தார். இலையை விலக்கினோம். வாழைப்பூ மடல், அவரைத் தோல், வாடிய சாமந்தி, டீத்தூள். ஒன்றுமில்லை. இன்னும் ஒரு சாண். ஒன்றுமில்லை. மூலையில் மண்வெட்டியில் எதுவோ துணிபோலச் சிக்கியது.

"கையால எடு, கையால எடு!" என்று சார்தான் கத்தினார்.

மஞ்சள் பை. வாய் நூலால் கட்டியபடியே இருந்தது. சாறு ஊறிப் பழுப்பாகி, தொட்டால் சுட்டது. சார் முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். உள்ளே சிவப்பும் பச்சையும் அரக்குமாகப் பட்டு இழைகள், நடுவே ஜரிகை. ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகிவிட்டிருந்தன. வேடியப்பன், "மக்கலையே" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நாலரைக்கு 23-ஆம் எண் வீட்டு வாசல். பையை நான் கையில் வைத்திருந்தேன்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா அத உள்ள கொண்டாராத!" என்றார் பொன்னம்மாள். படியிலேயே வைத்தேன். கமலக்கண்ணன் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். இழைகளை விரலால் பிரிக்க முயன்றார், வரவில்லை. ஆனால் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"பாத்தியா, பயந்துபோய்க் குப்பையில போட்டுட்டா" என்றார் பொன்னம்மாள்.

"இல்லம்மா" என்றார் சார். "நான் முன்னால நின்னு எடுத்தது. மேல வியாழக்கெழமக் குப்பை, அதுக்குக் கீழ புதங்கெழம, அதுக்கும் கீழ இது. செவ்வாக்கெழம காலைல உங்க வாளியோட வந்தது. நீங்க பையத் தேட ஆரம்பிச்சதே புதங்கெழம சாயந்தரம். திருடினவ அன்னிக்கே கொண்டுபோய்க் குப்பையோட கொட்டுவாளா?"

"அப்ப யாரு போட்டது?"

தேவிப்ரியா கதவருகே நின்றிருந்தார். வரும் வழியெல்லாம் இந்த இடத்தைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் பெயரை நான் சொன்னால், நேற்றுவரை ராஜம்மாள் அக்கா நின்ற இடத்தில் இன்று அவர் நிற்பார். சொல்லாவிட்டால் சந்தேகம் மறுபடியும் தெருவுக்கு வரும். என் பங்கை மட்டும் சொல்லலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

"தப்பு என்னுதுங்க" என்று காகிதத்தை நீட்டினேன். "குப்பைன்னு இருந்தத நான்தான் கழிவுன்னு மாத்தி அடிச்சேன். இங்க கழிவுன்னா பட்டுன்னு எனக்குத் தெரியாது. காகிதத்துல இருக்கறபடி செஞ்சா இப்பிடித்தான் ஆவும்."

கமலக்கண்ணன் காகிதத்தை வாங்கி உரக்கப் படித்தார். "'மக்கும் கழிவைத் தினமும் பச்சை வாளியில்…' ஏம்மா, படிச்ச பொண்ணு நீ! தறி ஓடற தெருவுல நின்னுகினு இப்பிடியா எழுதுவ?"

"நான்தான் போட்டேன்."

தேவிப்ரியாவின் குரல் அவ்வளவு தெளிவாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "பெரணமல்லூர் போறப்போ அத்தை சொன்னாங்க, அந்தக் காகிதத்துல இருக்கறபடி வாளி வைன்னு. அதுக்கு முன்னாடி ஒருநாள் பையக் காட்டி, அது கழிவுன்னும் சொன்னாங்க. பட்டு புழுவுலருந்துதான வருது, மக்கும்னு நெனச்சுப் பச்சையில வாழைப்பூ மடலுக்கு நடுவுல போட்டேன்."

"ரெண்டு நாளா வாயில கொழுக்கட்டையாடி வச்சிகினு இருந்த?"

"நீங்க கள்ளி கள்ளின்னு கத்தினப்புறம் எப்பிடிங்க அத்தை சொல்றது?"

கமலக்கண்ணன் பையைப் பார்த்தபடியே, "தண்ணியில அலசி வை. விடிய விடிய ஃபேன் காத்துல காயட்டும். முதலாளிகிட்ட நடந்தத அப்பிடியே சொல்றேன்" என்று மனைவியிடம் சொன்னார். பிறகு சாரிடம், "ஸ்டேஷனுக்கெல்லாம் போவல சார்" என்றார்.

"அது சரி. அந்தம்மாவுக்கு இன்னா சொல்றது?"

பொன்னம்மாள்தான் பேசினார். "நாளைக்கு வரச் சொல்லுங்க. வாளி வைக்கறோம்."

அவ்வளவுதான்.

சார் திங்கட்கிழமைக்குள் எழுத்து மூலம் விளக்கம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். வேலை இருக்குமா என்று கேட்டேன். "மொதல்ல விளக்கம் குடு. கழிவுன்னு ஒரு எடத்துல இருந்தாலும் கிழிச்சிப் போட்டுடுவேன்" என்றார்.

வகுப்புக்குப் போகவில்லை. ராஜம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. என்மேல் வீசிய நாற்றத்திலேயே அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதியைச் சொன்னேன். சொல்லையும் சேர்த்துச் சொன்னேன்.

"எதுக்குடி மாத்தின?"

"உங்களக் குப்பைக்காரின்னு கூப்புடறாங்களேன்னு."

கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "குப்பை அள்றவளக் குப்பைக்காரின்னுதான் கூப்புடுவாங்க. அதுல எனக்கு ஒண்ணுமில்ல. கள்ளின்னு இதுவரைக்கும் எவளும் கூப்பிட்டதில்ல. எனக்கு மரியாத வாங்கிக் குடுக்கப் போயி அந்தப் பேரையும் வாங்கிக் குடுத்துட்ட."

நான் அழுதேன். அவர் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. குழம்பை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா சொன்னா அந்தம்மா? 'வாளி வைக்கறோம்'னாளா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"தெருவே கூடி நின்னப்போ கத்தினவ, தெரு கூடி நிக்கறப்போதான் சொல்லணும். மத்த மூணு தெருவுக்கு நாளைக்கு நான் வரேன். அந்தத் தெருவுக்கு வரமாட்டேன். வாசல்ல நின்னு, ராஜம்மா வாடின்னு பேர் சொல்லி அவ கூப்புடட்டும். அப்ப பாக்கலாம்."

"அதுவரைக்கும் அந்தத் தெருவுக்கு யாருக்கா?"

"நீதான். டைப் அடிக்கற கை கூடை தூக்காதா?"

விசிலைத் திருப்பிக் கொடுக்க எடுத்தேன். "வச்சிக்கோ, அங்க நீதான ஊதணும்" என்றார். புதிய காகிதத்தில் என்ன எழுதுவது என்றும் அவரே சொன்னார்: "சோறு, காய்த்தோலு, எலை, பூவு, டீத்தூளு. அவ்ளோதான். எந்த ஊர்க்காரி படிச்சாலும் வேற அர்த்தம் வராது."

வீட்டுக்கு வந்து மூன்று முறை குளித்தேன். பிறகு நாற்பத்திரண்டு துண்டுக் காகிதங்களில் அந்த ஐந்தையும் கையாலேயே எழுதி முடித்தேன்.

நாளை காலை ஐந்தே முக்காலுக்கு ஷெட்டில் வண்டி எடுக்க வேண்டும். இன்று யாரும் வாளி வைக்கவில்லை, அதனால் இரண்டு நாள் குப்பை சேர்ந்திருக்கும், கூடை கனமாக இருக்கும். பாவு நீட்டியிருந்தால் வண்டியை முனையில் நிறுத்திவிட்டு 17 முதல் 27 வரை சுவரை ஒட்டி நடந்து போய், வாளியை நானே கவிழ்த்து, நானே பார்த்து, அப்புறம்தான் டிக் போட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் பழைய காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்க வேண்டும். 23-லும்.